எலும்பின் ரகசியம் சொன்ன எலிகள்

எலி என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது எலிப்பொறிதான். நெல் மூட்டையைக் கடித்து, புடவை மடிப்பில் ஓட்டை போட்டு, ராத்திரி முழுதும் பரண்மேல் ஓடித் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தப் பிராணியின்மேல் யாருக்குத்தான் இரக்கம் வரும்? ஆனால் சகோதரிகளே, அதே இனத்தைச் சேர்ந்த வெள்ளை எலிகளும் சுண்டெலிகளும் ராக்கெட்டில் ஏறி, விண்வெளிக்குப் போய், நம் உடம்பைப் பற்றி ஒரு பெரிய ரகசியத்தைத் தெரிந்துகொள்ள உதவியிருக்கின்றன. முக்கியமாக, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் அது.

‘ராக்கெட்டுக்கும் நம் வீட்டு அடுப்படிக்கும் என்ன சம்பந்தம்?’ என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் போனவர்கள்

மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு முன்னால், அங்கே போனால் இதயம் துடிக்குமா, மூச்சு விட முடியுமா, விழுங்கிய சோறு தொண்டைக்குள் இறங்குமா என்பதுகூட யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால் பிராணிகளை அனுப்பிப் பார்த்தார்கள். 1947-ம் ஆண்டு அமெரிக்கர்கள் ஒரு ராக்கெட்டில் அனுப்பியவை, அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்குமே, அந்தப் பழ ஈக்கள்! அவை உயிரோடு திரும்பின.

பிறகு, 1957 நவம்பர் 3-ம் தேதி ரஷ்யர்கள் லைக்கா என்ற நாயை அனுப்பினார்கள். 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள், எலிகள், சுண்டெலிகள், ஒரு முயல் எல்லாம் சேர்ந்து பூமியைச் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கின. ஸ்ட்ரெல்கா அப்புறம் ஆறு குட்டிகள் போட்டது. அதில் ஒரு குட்டியை அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வீட்டுக்கே பரிசாக அனுப்பினார்கள். 1961 ஜனவரியில் ஹாம் என்ற சிம்பன்ஸி குரங்கு போய்த் திரும்பியது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் யூரி ககாரின் புறப்பட்டார்.

உயிர் பிழைக்கலாம் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் நாட்கணக்கில் தங்கினால் என்ன ஆகும்? 1966-ல் வெட்டெரோக், உகோல்யோக் என்ற இரண்டு நாய்கள் 22 நாட்கள் சுற்றிவிட்டு வந்தன. இறங்கிய பிறகு அவற்றால் சரியாக நடக்கவே முடியவில்லை. தசை வற்றியிருந்தது. உடம்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் வெளியேறியிருந்தது. ‘நன்றாகத்தானே தீனி போட்டோம், ஏன் இப்படி?’ என்ற கேள்வி அப்போதுதான் பெரிதாக எழுந்தது.

எடை இல்லாத வீடு

கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது கயிறு அறுந்து வாளி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாளிக்குள் ஓர் எறும்பு இருந்தால், விழுந்துகொண்டிருக்கும் அந்த ஒரு நொடியில் அதன் கால் வாளியின் அடியை அழுத்தாது. வாளியும் விழுகிறது, எறும்பும் விழுகிறது. அவ்வளவுதான். விண்கலமும் இப்படித்தான் பூமியைச் சுற்றி ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் அத்தனை வேகமாக ஓடுவதால் தரையில் மோதுவதில்லை. பூமியின் இழுப்பு அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களின் கால் எதையும் அழுத்துவதில்லை. மிதக்கிறார்கள்.

‘அடேயப்பா, எத்தனை சுகம்!’ என்று தோன்றும். ஆனால் உடம்புக்கு அது சுகமாக இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் பலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். மசக்கைக்காரி படும் பாடுதான்! காலில் இருக்க வேண்டிய நீர் மேலே ஏறி முகம் உப்பிப் போகும், கால் மெலிந்து போகும். நடக்க வேலை இல்லாததால் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் வற்றும்.

எல்லாவற்றிலும் மோசமானது எலும்பின் கதை. நம் எலும்பைச் செங்கல், சிமெண்டு போல உயிரில்லாத பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள்ளே ராப்பகலாக இரண்டு கோஷ்டி வேலை செய்கிறது. ஒரு கோஷ்டி பழைய எலும்பை இடித்துக்கொண்டே வரும். இன்னொரு கோஷ்டி பின்னாலேயே புதிதாகக் கட்டிக்கொண்டு வரும். எந்த இடத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கட்டும் கோஷ்டிக்கு யார் சொல்கிறார்கள்? நம் உடம்பின் பாரம்தான்! நடக்கும்போதும், குனிந்து நிமிரும்போதும், குடத்தைத் தூக்கும்போதும் எலும்பின் மேல் விழுகிற அழுத்தம்தான், ‘இங்கே பலம் தேவை, கட்டு’ என்று உத்தரவு போடுகிறது. அழுத்தம் இல்லையென்றால் கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இடிக்கிறவர்கள் மட்டும் இடித்துக்கொண்டே இருப்பார்கள். இடித்த சுண்ணாம்பு ரத்தத்தில் கலந்து சிறுநீரில் போகும். அதனால் சிறுநீரகக் கல் வரவும் இடமுண்டு.

விண்வெளி வீரர்களுக்கு இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண் ஏறக்குறைய ஓர் ஆண்டில் இழப்பதை அவர்கள் ஒரே மாதத்தில் இழக்கிறார்கள்! அதனால்தான் அங்கே தினமும் இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறார்கள். 286 நாட்கள் தங்கிவிட்டு 2025 மார்ச்சில் சுனிதா வில்லியம்ஸ் திரும்பியபோது, அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதை டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். பாரத்தை மறந்திருந்த உடம்பு அது. அதைத் திரும்பப் பழக்க வேண்டுமல்லவா?

ராக்கெட் ஏறாத காலும்...

இதைச் சொல்லும்போது எங்கள் அரும்பாவூரில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவரின் ஞாபகம் வருகிறது. கொல்லையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். எழுந்து உட்கார்ந்ததும் தன் காலைத் தானே தடவிப் பார்த்து, “வயக்காட்டுல நாத்து நட்டு, வெங்காய மூட்டை தூக்குன காலும்மா இது. ரெண்டு மாசத்துல இப்புடி வத்திப்போச்சே!” என்று கண்கலங்கினார்.

“பெரியம்மா, உங்க காலு ரெண்டு மாசம் ஆகாசத்துக்குப் போயிட்டு வந்திருக்கு. அதான் இப்படி” என்றேன்.

“ராக்கெட்டு இல்லாமலேயா?” என்று அந்த வேதனையிலும் சிரித்துவிட்டார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படுத்த படுக்கையும் விண்வெளியும் எலும்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சி நிலையத்தில் எமிலி மோரி-ஹோல்டன் என்ற பெண் விஞ்ஞானி இதை வைத்தே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். எலியின் வாலில் மெதுவாகக் கட்டுப் போட்டு, பின்னங்கால் மட்டும் தரையில் படாதபடி சற்றே தூக்கி நிறுத்திவிடுவார்கள். முன்னங்காலால் அது கூண்டுக்குள் நடக்கும், தின்னும், தண்ணீர் குடிக்கும். சில வாரம் கழித்துப் பார்த்தால், தரையைத் தொடாத பின்னங்கால்களின் எலும்பும் தசையும் பலம் குறைந்துபோயிருந்தன. தின்ற தீனி ஒன்றுதான், உடம்பும் ஒன்றுதான். ஆனால் பாரம் தாங்காத காலுக்கு மட்டும்தான் அந்த நஷ்டம்! இதனால் ராக்கெட் இல்லாமலேயே எத்தனையோ சோதனைகளைப் பூமியிலேயே செய்ய முடிந்தது.

தாய்மைக்கும் ஒரு சோதனை

விண்வெளியில் கர்ப்பம் தாங்குமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 1994-லும் 1995-லும் கர்ப்பமாக இருந்த எலிகளை 11 நாட்களும் 9 நாட்களும் விண்வெளியில் வைத்திருந்து, பிரசவத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இறக்கினார்கள். குட்டிகள் நல்லபடியாகவே பிறந்தன. ஆனால் தாய் எலிகளுக்குப் பிரசவத்தின்போது வயிற்றுத் தசை சுருங்கிச் சுருங்கி முக்கியது, பூமியிலேயே இருந்த எலிகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

1998 ஏப்ரலில் நடந்தது இன்னும் மனதை வருத்தும். கொலம்பியா விண்கலத்தில், கண்கூடத் திறக்காத, பிறந்து எட்டு நாளே ஆன எலிக்குட்டிகளைத் தாயோடு சேர்த்து அனுப்பினார்கள். நரம்பு மண்டலம் எப்படி வளர்கிறது என்று பார்ப்பது நோக்கம். ஆனால் எடையில்லாத கூண்டில் தாய் எலிகளால் குட்டிகளைச் சரியாகப் பராமரிக்க முடியவில்லை. கொண்டுபோன 96 குட்டிகளில் பாதிக்குமேல் இறந்துபோயின. கப்பலில் இருந்த விண்வெளி வீரர்களில் ஒருவரான ரிச்சர்ட் லின்னஹன் கால்நடை மருத்துவர். அவரும் மற்றவர்களும் மிஞ்சிய குட்டிகளுக்குக் கையால் திரவ உணவு கொடுத்துக் காப்பாற்றப் பாடுபட்டார்கள்.

பிழைத்துத் திரும்பிய குட்டிகள் ஒரு விஷயத்தைக் காட்டின. மல்லாந்து கிடக்கும் குட்டி புரண்டு நாலு காலில் நிற்கப் பழக வேண்டிய வயது அது. அந்த நாட்களை விண்வெளியில் கழித்ததால், பூமியில் வளர்ந்த குட்டிகளைப்போல அவற்றால் புரள முடியவில்லை. அந்த வித்தியாசம் மாதக்கணக்கில் மறையவில்லை. எதை எந்த வயதில் பழக வேண்டுமோ, அதை அந்த வயதில் பழகுவதற்குத் தரையும் பாரமும் வேண்டும் என்பது புரிந்தது.

கல்பனாவும் சுபான்ஷுவும்

நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லாவின் கடைசிப் பயணத்திலும் இந்த மாதிரிப் பிராணிகள் துணைக்கு இருந்தன. 2003 ஜனவரி 16-ம் தேதி புறப்பட்ட அந்தக் கலத்தில் எலிகளோடு, பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் அனுப்பிய சிலந்தி, எறும்பு, பட்டுப்புழு, வண்டுத்தேனீ எல்லாம் இருந்தன. பிப்ரவரி 1-ம் தேதி திரும்பும் வழியில் கலம் சிதறி ஏழு பேரும் மறைந்த சோகம் நாம் அறிந்ததே. கீழே விழுந்த இடிபாடுகளில் ஒரு பெட்டிக்குள், ஊசி முனையளவு நுண்புழுக்கள் மட்டும் உயிரோடு இருந்ததைப் பிறகு கண்டெடுத்தார்கள்.

2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா, நம் விஞ்ஞானிகள் தயார் செய்த சோதனைகளைச் செய்தார். பாசியில் வாழும் ‘நீர்க்கரடி’ என்ற எட்டுக்கால் நுண்ணுயிரி, கடும் வறட்சியையும் தாங்கும். அது அங்கே எப்படிப் பிழைக்கிறது என்பது ஒரு சோதனை. தசைச் செல்கள் ஏன் வளர மறுக்கின்றன என்பது இன்னொன்று. நம் வெந்தயமும் பச்சைப்பயறும்கூட அங்கே முளை கட்டின!

நமக்கு என்ன லாபம்?

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலியும் நோய் வருவது சகஜம். லேசாக விழுந்தாலே மணிக்கட்டும் இடுப்பும் முறிவது இதனால்தான். வருஷக்கணக்கில் நடக்கும் இந்த மெலிவு, விண்வெளியில் சில வாரத்திலேயே நடந்துவிடுகிறது. ஆகவே புதிய மருந்தைச் சீக்கிரமாகச் சோதித்துப் பார்க்க அது வசதியான இடமாயிற்று.

2001 டிசம்பரில் சில சுண்டெலிகளுக்கு, எலும்பை இடிக்கும் கோஷ்டியை அடக்கும் ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பினார்கள். அதே வழியில் வேலை செய்யும் வேறொரு ஊசி மருந்து, 2010-ல் மாதவிடாய் நின்ற பெண்களுக்காக அங்கீகாரம் பெற்றது. 2011 ஜூலையில் 30 சுண்டெலிகள் போயின. அவற்றில் பாதிக்கு, கட்டும் கோஷ்டியைத் தட்டி எழுப்பும் மருந்து கொடுத்திருந்தார்கள். மருந்து பெற்றவற்றின் எலும்பு மெலியவில்லை. அந்த வகை மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. விண்வெளிச் சோதனை மட்டுமே இந்த மருந்துகளைத் தந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பூமியில் நடந்த பல ஆண்டு ஆராய்ச்சியோடு இதுவும் ஒரு சாட்சியாகச் சேர்ந்தது. இவை எல்லோருக்குமான மருந்தும் அல்ல. யாருக்கு, எப்போது என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பாவம் இல்லையா?

இதைப் படிக்கும்போதே உங்கள் மனசு கேட்டிருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். லைக்கா போன கலத்தில் அதைத் திரும்பக் கொண்டுவர ஏற்பாடே கிடையாது. பல நாள் உயிரோடு இருந்தது என்றுதான் உலகம் நம்பியது. சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே அது இறந்துபோன உண்மை 2002-ல்தான் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சியில் முன்னின்ற ஒலேக் கஸென்கோ, லைக்காவை அனுப்பியதற்காகப் பிற்காலத்தில் மனம் வருந்தினார்.

இந்தியாவில் இதற்காகக் குரல் கொடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பதில் நமக்குப் பெருமை உண்டு. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காகத்தான் நாம் அறிவோம். ராஜ்யசபை உறுப்பினராக இருந்தபோது மிருகவதைத் தடுப்புக்கு மசோதா கொண்டுவந்தவரும் அவரே. அந்த முயற்சியின் பலனாக 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். சோதனையே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வேண்டாத துன்பம் கொடுக்கக் கூடாது, கண்காணிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று சொன்னது. பிராணி இல்லாமல் செய்ய முடிந்தால் அப்படியே செய்வது, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது என்ற மூன்றும் இன்று உலகம் முழுதும் ஏற்றுக்கொண்ட நெறிகள்.

மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு நம் இஸ்ரோ நாயையோ குரங்கையோ தேடவில்லை. ஆள் இல்லாமல் போகும் சோதனைக் கலத்தில் உட்காருவதற்காக ‘வியோமித்ரா’ என்ற பெண் உருவ இயந்திரத்தைச் செய்து, 2020 ஜனவரியில் பெங்களூரில் எல்லோருக்கும் காட்டினார்கள். கலத்தின் காற்றும் அழுத்தமும் மனிதருக்கு ஏற்றதா என்பதை அந்த இயந்திரம் சொல்லிவிடும். எலும்பு மெலிவதையும் குட்டி வளர்வதையும் இயந்திரம் சொல்லாது. அதற்கு உயிர்தான் வேண்டியிருக்கிறது. எது அவசியம், எது அவசியமில்லை என்று பிரித்துப் பார்க்கிற பொறுப்பு நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இத்தனை உயிர்கள் கொடுத்த பாடத்தை நாமும் வீணாக்கக் கூடாது, இல்லையா?

* தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடங்கள். நாள் பூராவும் வீட்டு வேலைதானே என்று சொல்லாதீர்கள். மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு, நின்ற இடத்திலேயே நிற்பதும் உட்காருவதும்தான் அதிகம். அதற்காகத் தலைச்சுமை தூக்கிக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படி ஏறி இறங்கினாலே எலும்புக்குப் பாரம் கிடைக்கும்.

* வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், ‘எப்போது எழுந்து உட்காரலாம், எப்போது நிற்கலாம்?’ என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். ‘பாவம், அசங்காமல் கிடக்கட்டும்’ என்ற பரிவு சில சமயம் தீமையாகிவிடும். பிரசவமான பெண்ணும் டாக்டர் சொன்னபடி எழுந்து நடமாட வேண்டும்.

* கர்ப்பிணிகள், டாக்டர் படுக்கச் சொல்லாதவரை, நடப்பதை நிறுத்த வேண்டாம்.

* கைக்குழந்தையை எப்போதும் தூளியிலும் இடுப்பிலுமே வைத்திருக்காதீர்கள். விழித்திருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபடியே, பாயில் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். புரளட்டும், தவழட்டும். தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

* கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், பால், மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் சுண்ணாம்புச் சத்துள்ளவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. அது எலும்பில் சேர வெயிலும் வேண்டும். சுண்ணாம்பு மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கி நீங்களாக விழுங்க வேண்டாம்.

* மாதவிடாய் நின்ற பிறகு முதுகு கூன் விழுந்தாலோ, உயரம் குறைந்தாலோ, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தாலோ, எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தின்பது மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும் என்பதே எலும்பின் சட்டம். இன்று சாயங்காலம் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, “வாங்க அத்தை, தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வரலாம்” என்று கிளம்புங்களேன்! உங்கள் இரண்டு பேர் எலும்புக்கும் அது நல்லது.